ஒரே மெட்டில் இரண்டு தட்டுகள்

1

பினாங்கில் நான் வேலை பார்க்கும் சாப்பாட்டுக் கடையில், மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானப் பந்தி முடிந்ததும் மேசைகளைத் துடைத்து ஓரமாகத் தள்ளிவிடுவோம். இசைத்தட்டு விற்கிற கடையில் வேலை செய்யும் ராமநாதபுரத்துக்காரர் ஒருவர், அந்த மாதம் கப்பலில் வந்து இறங்கிய புதுத் தட்டுகளை வேட்டித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வருவார். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், முடிதிருத்துகிறவர், பள்ளிக்கூட வாத்தியார் என்று கடை நிரம்பிவிடும். பாட்டுப் பெட்டிக்குச் சாவி கொடுத்து ஒவ்வொரு தட்டாக வைப்பார்கள். எல்லாம் கேட்டு முடிந்தபின் இந்த மாதத்துக்கு எது நல்ல தட்டு என்று பேசி முடிவு கட்டவேண்டும். முடிவு கட்டியதை நான் பார்த்ததில்லை. பேச்சு மட்டும் சாயங்கால வியாபாரம் தொடங்கும்வரை நடக்கும்.

நான் சமையற்காரன். அடுக்களை வாசலில் நின்று குண்டான் தேய்த்துக்கொண்டே கேட்பேன். நாலு பேர் கூடின இடத்தில் வாயைத் திறந்தால் எனக்கு வேர்த்துவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை பேச்சு கைகலப்பாகிவிட்டது. முடிதிருத்துகிறவர் சொன்ன தட்டை வாத்தியார் 'தெருக்கூத்துச் சத்தம்' என்று சொல்லிவிட்டார். ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தார்கள். மேசை ஆடியதில் ஊசி தட்டின் குறுக்கே கீறிக்கொண்டு ஓடியது. அந்த நேரம் பார்த்து என் மகன் தாணு உள்ளே வந்தான். சீனன் ஒருவனுடைய மோட்டார்ப் பட்டறையில் வேலை பார்க்கிறான். கையெல்லாம் கிரீஸ். சண்டையைப் பார்த்துவிட்டு என்னிடம், "இதுக்காப்பா அடிச்சுக்கிறாங்க? ரெண்டும் சாமாதானே?" என்றான்.

சாமா என்றால் மலாயில் ஒன்றுபோல என்று அர்த்தம். அவன் பேச்சில் இப்போது பாதி அப்படித்தான். வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவன் பதிலை மலாயில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிப்பான். தமிழ்த் தட்டு ஒன்றும் அவனுக்குப் பிடிக்காது. இங்கிலீஷ் தட்டுக்குத் தோளைக் குலுக்குவான்.

ஆனால் அவன் அப்படிக் கேட்டதும் நான் குண்டானைக் கீழே வைத்துவிட்டேன். வருகிற ஆவணியில் என் மகள் பகவதிக்குக் கல்யாணம் ஆகி இரண்டு வருடம். நாகர்கோவிலில் நடந்த அந்தக் கல்யாணம் ஒரு தட்டினால் நின்றுபோகப் பார்த்தது. அன்றைக்குத் தெருமுனையில் தாணுவும் என்னோடு நின்றான். அதை எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

2

கல்யாணத்துக்குப் போக எனக்கு உத்தரவு கிடைத்ததே ஒரு கதை. இங்கே ஒவ்வொருவருக்கும் அடையாளக் கார்டு உண்டு. என் கார்டில் என் பெயர் இல்லை. பதிகிற அன்றைக்குப் பெயர் என்ன என்று கேட்டார்கள். நம் ஊர் வழக்கப்படி அப்பா பெயரை முன்னால் சொல்லி, என் பெயரைச் சொல்லுவதற்குள் துரை எழுதி முடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். திருத்தச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அன்றிலிருந்து பினாங்கில் எல்லாரும் என்னை என் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வருவதற்கு அனுமதி கேட்டுப் போனபோது, குமாஸ்தா கல்யாணக் கடிதத்தையும் கார்டையும் மாறி மாறிப் பார்த்தார். "மணப்பெண்ணின் தகப்பனார் வேறு ஆள் அல்லவா?" என்றார். கார்டின்படி நான் பகவதிக்குத் தாத்தா. பேத்தி கல்யாணத்துக்கு இத்தனை நாள் லீவு எதற்கு என்பது அவர் கேள்வி. இரண்டு பேரைச் சாட்சிக்குக் கூட்டிப்போய்த்தான் நான் அவளுக்கு அப்பன் என்று ஒப்புக்கொள்ள வைத்தேன்.

ஊருக்கு வந்தபின் அதை நிரூபிப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. பகவதி நடை பழகும்போது, தாணு வயிற்றில் இருக்கும்போது, நான் கப்பல் ஏறியவன். பிறகு யுத்தம் வந்து கடிதமே இல்லாமல் போயிற்று. யுத்தம் முடிந்து ஒருமுறை வந்து தாணுவைக் கூட்டிப்போனதோடு சரி. இப்போது நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் சுக்குக்காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "குடியுங்கோ" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். விருந்தாளிக்குச் சொல்லுகிற மாதிரி. அவள் வாய்விட்டுப் பேசுவதெல்லாம் தாய்மாமன் பூதலிங்கத்தோடுதான். பூதலிங்கம் என் மனைவி வள்ளியின் தம்பி. நான் இல்லாத வீட்டை அத்தனை வருடமும் தாங்கினவன் அவன்தான். மாப்பிள்ளை பார்த்ததும் அவனே.

மாப்பிள்ளை மாதவன் குழித்துறைக்காரன். தகப்பன் இல்லை. தாய்மாமன் வேலாயுதன் வளர்த்து, சந்தையில் தன்னோடு நல்லமிளகு வியாபாரத்தில் சேர்த்துக்கொண்டிருந்தார். நல்ல இடம். இதற்குமுன் பகவதிக்கு ஓரிடத்தில் பேசி, நிச்சயத்தன்றைக்குப் பூதலிங்கத்தின் வாய்த்துடுக்கினால் முறிந்திருந்தது. அதற்குப்பின் வெகுநாள் ஒருவரும் பெண் கேட்டு வரவில்லையாம். வள்ளி இதை எனக்கு எழுதவே இல்லை. வந்த அன்றைக்குத்தான் சொன்னாள்.

"இதும் கலைஞ்சா பிறவு அவள இந்த வாசல்லயே வச்சுப் பாக்க வேண்டியதுதான்" என்றாள்.

3

பூதலிங்கத்துக்கு இரண்டு பைத்தியம். ஒன்று பாட்டு. மற்றது எல்லைப் பிரச்சினை. அந்த வருடம், மலையாள ராஜ்யத்தில் கிடந்த நம் பக்கம் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்தது உங்களுக்குத் தெரியும். தடை உத்தரவு, தடியடி, துப்பாக்கிச் சூட்டில் உயிர் போன துக்கமும் நடந்த காலம். தெருமுனைகளில் போலீஸ் நிற்கும். குழித்துறைப் பக்கம் தமிழும் மலையாளமும் ஒரே வீட்டில் கலந்து புழங்கும். அந்த வீட்டார் எந்தப் பக்கம் என்று யாரும் எளிதாகச் சொல்ல முடியாது.

வடசேரியில் தங்கையன் என்பவர் ரேடியோ செட்டு வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். கல்யாணம், கோயில் கொடைத் திருவிழா எல்லாவற்றுக்கும் அவருடைய ஒலிபெருக்கிக் குழாய்தான் பாடும். மாதம் பிறந்ததும் மதராசிலிருந்து அவருக்குப் புதுத் தட்டுப் பார்சல் வரும். பாட்டுப் பைத்தியங்கள் அங்கே கூடிவிடுவார்கள். அந்த மாதம் வந்த பார்சலில் ஒரு விசேஷம். ஒரே படத்தைத் தமிழிலும் மலையாளத்திலும் எடுத்திருந்தார்கள். மெட்டு ஒன்றுதான். வார்த்தை மட்டும் வேறு. தமிழுக்கு ஒரு தட்டு, மலையாளத்துக்கு ஒரு தட்டு. பாடினவர்கள் வேறு வேறு.

பந்தல் செட்டுக்குச் சொல்ல நானும் பூதலிங்கத்தோடு போனேன். உள்ளே நுழையும்போதே சத்தம்.

"மெட்டு எங்கவே பிறந்தது? தமிழ்ப் பாட்டுக்குப் போட்ட மெட்டாக்கும். அவனுவ வார்த்தைய மாத்தி ஒட்டிக்கிட்டானுவ" என்றான் பூதலிங்கம்.

களியக்காவிளைப் பக்கத்துத் துணி வியாபாரி ஒருவர் எழுந்து நின்றுவிட்டார். "ஓய், படம் எடுத்தது எங்க பக்கத்து ஆளாக்கும். நீங்கதான் பொறவு ஒட்டினது. அந்தத் தட்ட இன்னொரு மட்டம் வையும் தங்கையா, இவருக்குக் காது இருக்கான்னு பாப்போம்."

"ஒமக்கு வாயி இருக்கத நாங்க பாத்தாச்சு."

தங்கையன் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஏலே, ஒரு தட்டுக்கு ஒரு ஊசி வேணும். நீங்க பேசித் தீக்கதுக்குள்ள எனக்க டப்பா காலியாயிரும். கல்யாண ஆர்டர் எடுக்கட்டா, இல்ல ஒங்க பஞ்சாயத்த எழுதட்டா?"

சிரிப்பு எழுந்தது. ஆனால் துணி வியாபாரி சிரிக்கவில்லை. பூதலிங்கமும் சிரிக்கவில்லை. பாட்டைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

மறுவாரம் வேலாயுதன் வெற்றிலைத் தட்டோடு வீட்டுக்கு வந்தார். கட்டையான ஆள், நரைத்த மீசை. பந்தல், பந்தி, பஸ் எல்லாம் பேசி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சம்பந்தி, ஒரு காரியம் உண்டு. பையன் வந்து எறங்கும்போ அந்த மலையாளப் பிளேட்டு பாடணும். எனக்கு வேற ஆச ஒண்ணும் கெடையாது, கேட்டேரா. இவனுக்க அப்பன் போனதுக்குப் பொறவு நானாக்கும் இவன வளத்தினது. அந்தப் பாட்டு வந்த நாளுமுதல் மனசுல வச்சிருக்கேன்."

நான் பதில் சொல்லுமுன் பூதலிங்கம் முந்திக்கொண்டான். "பந்தலு எங்களுக்குள்ளது. செட்டு எங்களுக்குள்ளது. தமிழு பிளேட்டுதான் பாடும். ஒமக்கு வேணும்னா பிறவு ஒம்ம வீட்டுல வச்சு ஆடும்."

வேலாயுதனின் மீசை துடித்தது. வள்ளி அவசரமாகக் குறுக்கே வந்து, "வெத்தில எடுங்கோ, வெத்தில எடுங்கோ" என்று தட்டை நீட்டினாள். அவர் எடுத்தார். வாயில் போடவில்லை. மடியில் கட்டிக்கொண்டு எழுந்தார்.

அன்று சாயங்காலம் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டு நின்றேன். பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. பகவதி. குடத்தைக் கீழே வைத்தாள். என்னை நேராகப் பார்த்து அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

"அப்பா, இதும் போயிருமா?"

மண்டைக்காட்டுக் கொடைக்குப் போனபோது அவள் மாதவனைப் பார்த்திருக்கிறாள் என்று வள்ளி எனக்குச் சொல்லியிருந்தாள். பிடித்தது என்று வாயால் சொல்லாவிட்டாலும் அந்தக் கேள்வியில் அது இருந்தது. "போகாது" என்று சொல்ல நினைத்தேன். தலையை மட்டும் ஆட்டினேன். அவள் அதை எப்படி எடுத்துக்கொண்டாளோ தெரியாது. குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

4

இங்கே விடியுமுன் எழுந்து தேங்காய் துருவும்போது கல்யாண நாள் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். அதை நினைத்தபடி குழம்புக்கு இரண்டாம் முறை உப்புப் போட்ட நாளும் உண்டு.

முகூர்த்தம் காலையில். பந்தலுக்குப் பக்கத்தில் நின்ற தென்னையில் குழாய் கட்டியிருந்தார்கள். தங்கையன் பெஞ்சில் பெட்டியை வைத்து உட்கார்ந்திருந்தார். எங்கள் தெரு குறுகல். மாப்பிள்ளை வீட்டு பஸ் தெருமுனையில்தான் நிற்கவேண்டும். அங்கிருந்து நாதசுரத்தோடு நடந்து வருவார்கள். பந்தல் வாசலில் பெண்ணின் சகோதரன் கிண்டி என்னும் மூக்குச் செம்பில் தண்ணீரோடு நின்று, மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே அழைக்கவேண்டும். கால் கழுவியபின் மாப்பிள்ளை மண்ணில் மிதிக்கக்கூடாது. அங்கே விரித்த துணியில்தான் நடப்பார். இது நம் வழக்கம். தாணுவுக்கு இதெல்லாம் தெரியாது. வேட்டி நழுவாமல் இருக்க இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு நின்றான். வள்ளி அவன் கையில் கிண்டியைக் கொடுத்து, "மாப்பிளயப் பாத்த ஒடனே காலுல தண்ணி விடணும். மறந்திராத மக்கா" என்று சொல்லியிருந்தாள்.

பஸ் வந்த சத்தம் கேட்டதும் பூதலிங்கம் கையைக் காட்டினான். குழாய் தமிழ்த் தட்டைப் பாட ஆரம்பித்தது. தட்டு முடிந்தது. மாப்பிள்ளை வரவில்லை. மறுபடியும் அதே தட்டு. அப்போதும் வரவில்லை. ஒருவன் ஓடிவந்தான்.

"அவாள் தெருமுனையில நிக்காவ. அவாளுக்க பிளேட்டு கேக்காம காலு வைக்க மாட்டாவளாம்."

"நிக்கட்டும். காலு கடுத்தா வருவாவ" என்றான் பூதலிங்கம். "தங்கையா, நீரு நிறுத்தாதயும்."

தெருமுனையில் மாப்பிள்ளையோடு வந்த இளவட்டங்கள் மலையாளப் பாட்டை வாயாலேயே உரக்கப் பாடத் தொடங்கினார்கள். எங்கள் தெருப் பையன்கள் குழாயோடு சேர்ந்து தமிழில் கத்தினார்கள். மெட்டு ஒன்றானபடியால் தூரத்தில் கேட்கிறவர்களுக்கு எல்லாரும் சேர்ந்து பாடுவதுபோல இருந்திருக்கும். கிட்டே நின்ற எனக்கு எங்கள் பையன்களின் கழுத்து நரம்பு தெரிந்தது. முனையில் நின்ற இரண்டு போலீஸ்காரர்கள் மாப்பிள்ளைக் கூட்டத்துக்குக் கிட்டே வந்துவிட்டார்கள். ஒரு கல் விழுந்தால் போதும். அந்த வாரம் அப்படிப்பட்ட வாரம்.

"என்ன கூட்டம் இது? கல்யாணமா, ஊர்வலமா?" என்று ஏட்டு கேட்டாராம்.

"அது இன்னும் முடிவாவல்ல ஏட்டையா" என்று யாரோ சொன்னானாம்.

ஜோசியர் சூரியனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகூர்த்த நேரம் போய்க்கொண்டிருந்தது. நான் வீட்டுக்குள் பார்த்தேன். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் பட்டுச்சேலையின் ஒரு துண்டு மட்டும் தெரிந்தது. அசையவே இல்லை.

நான் தங்கையனிடம் போனேன்.

"ஊசியக் குடும்."

"அண்ணே, பூதலிங்கம் என்னக் கொல்லுவான்."

நானே கையை நீட்டி, தட்டின்மேல் ஓடிக்கொண்டிருந்த ஊசித் தலையைத் தூக்கினேன். திருகைத் தளர்த்தி ஊசியை உருவினேன். பெஞ்சில் இருந்த ஊசி டப்பாவையும் எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன். தட்டு பேசாமல் சுற்றியது. குழாய் அடங்கியதும் தெருவில் பாடியவர்களும் ஒவ்வொருவராக நின்றார்கள்.

"அத்தான், என்ன செய்யுதிய?" பூதலிங்கம் என் முன்னால் வந்து நின்றான். "நான் கட்டின பந்தலுல என் மொகத்துல கரி பூசுதியளா?"

அவனிடம் சொல்ல எவ்வளவோ இருந்தது. என் பிள்ளைகளுக்கு இத்தனை வருடம் சோறு போட்டவன். "தாணு, வா" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தேன். தாணு கிண்டியோடு பின்னால் வந்தான்.

தெருமுனையில் மாப்பிள்ளை குடைக்குக் கீழே நின்றான். முகம் வெளுத்திருந்தது. பக்கத்தில் வேலாயுதன். கையைக் கூப்பினேன்.

"பாட்டு நின்னுது. செரி" என்றார் வேலாயுதன். "எங்க பாட்டு எங்க?"

உள்ளங்கையை விரித்து ஊசியைக் காட்டினேன். "இங்க இருக்கு. ரெண்டும் கெடையாது. மோளம் உண்டு. வாருங்கோ."

"ரெண்டும் கெடையாதுங்கதக் கேக்கவா இவ்வளவு தூரம் பஸ் பிடிச்சு வந்தோம்?" அவர் திரும்பினார். "டேய், வண்டியத் திருப்பச் சொல்லு. மாதவா, ஏறு."

அவர் சொல்லி வாய் மூடுமுன் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. தாணு தெருமண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்து, மாப்பிள்ளையின் இரண்டு காலிலும் கிண்டியைச் சாய்த்து ஊற்றிக்கொண்டிருந்தான். அம்மா சொன்னதை அப்படியே செய்கிறான். மாப்பிள்ளையைப் பார்த்தான், ஊற்றுகிறான். சொட்டு மிச்சம் இல்லாமல் ஊற்றிவிட்டு, கையாலேயே துடைத்து, தன் வேட்டித் தலைப்பால் ஒற்றினான்.

எல்லாரும் வாய்பிளந்து நின்றார்கள்.

"இது என்னடே கூத்து!" என்றார் வேலாயுதன். "நடுத்தெருவுல வச்சு மாப்பிளைக்குக் காலு கழுவினத எவனாவது கண்டிருக்கானாடே?"

தாணு என்னை நிமிர்ந்து பார்த்தான். "பாத்த ஒடனே ஊத்தணும்னுதானே அம்மா சொன்னாங்க?" என்றான். யாரோ ஒரு குழித்துறைப் பையன் சிரிப்பை அடக்கமாட்டாமல் வெடித்தான்.

ஆனால் வேலாயுதன் சொன்னதிலேயே காரியம் இருந்தது. கால் கழுவியாகிவிட்டது. கழுவிய இடம் தப்பானாலும் கழுவியது கழுவியதுதான். பெண்வீட்டுத் தண்ணீர் காலில் பட்டபின் மாப்பிள்ளை திரும்பிப் போனதாக எங்கள் பக்கம் கேள்வி இல்லை.

"மாதவா, ஏறுன்னு சொன்னேன்" என்றார் வேலாயுதன்.

எனக்கு மாப்பிள்ளை எப்படிப்பட்டவன் என்று அதுவரை தெரியாது. ஒரு வார்த்தை அவனோடு பேசினதில்லை. அவன் மாமனைப் பார்த்தான். தன் காலைப் பார்த்தான்.

"மாமா, ஈரக்காலோட எங்க போக?" என்றான்.

குரல் உயரவில்லை. கெஞ்சவும் இல்லை. பிறகு என்னைப் பார்த்து, "மண்ணுல மிதிக்கப்பிடாதே. வழி பண்ணுங்கோ" என்றான்.

நான் தோளில் கிடந்த நேரியலை எடுத்து அவன் முன்னால் விரித்தேன். அது நாலு எட்டுக்குத்தான் காணும். சிரித்த பையன் தன் துண்டை விரித்தான். எங்கள் தெருக்காரன் ஒருவன், "நீட்டமா விரிடே, மடிச்சா போடுவான்?" என்று அதட்டிவிட்டுத் தன் துண்டையும் போட்டான். பின்னால் மிதித்துக் கடந்த துண்டுகளை எடுத்து முன்னால் ஓடி மறுபடி விரித்தார்கள். விரித்துக்கொண்டே, "எங்க பாட்டுதாம்ல மேலு" என்று ஒருவனும், "போடே, ஒனக்குத் தாளம் தெரியுமா" என்று இன்னொருவனும் பேசிக்கொண்டதை நான் கேட்டேன். நாதசுரக்காரர் ஊதத் தொடங்கினார். மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்த பெண்கள் குரவையிட்டார்கள்.

வேலாயுதன் வரவில்லை. பஸ் படியில் உட்கார்ந்துவிட்டார். தாலி கட்டும்போதும் பூதலிங்கம் வரவில்லை. வீட்டுக்குப் பின்னால் வளவில் சமையல் செம்புகளுக்கு நடுவே முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். அவனைக் கூப்பிடப் போன வள்ளி அழுதுகொண்டு திரும்பினாள். வேலாயுதனுக்கு இலை போட்டு நானே போய் அழைத்தேன். "பசியில்ல" என்றார். அவரோடு ஐந்தாறு பேர் பந்தியில் உட்காரவில்லை.

சாயங்காலம் அதே பஸ்ஸில் பகவதி ஏறினாள். முன் இருக்கையில் வேலாயுதன் திரும்பிப் பாராமல் இருந்தார். அவர் இருக்கும் வீட்டுக்குத்தான் அவள் போகிறாள். அவர் சொல்தான் அந்த வீட்டில் சொல். ஜன்னல் வழியாக அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் வாங்கிக்கொண்டு நின்றேன். கல்யாணத்தை நடத்திவிட்டேன். அவளை எதற்குள் அனுப்பினேன் என்று தெரியவில்லை.

5

போன வாரம் பத்திரிகையில் பார்த்தோம். எல்லை முடிவாகி, நாகர்கோவிலும் குழித்துறையும் தமிழ்நாட்டுப் பக்கம் வருகிறதாம். கடையில் ஆளுக்கொரு லட்டு கொடுத்தார்கள். தாணு அதைத் தின்றுவிட்டு, "அப்போ அக்கா வீடு எந்த நாடு?" என்று கேட்டான். சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனான்.

அந்த வருடம் கல்யாணம் முடிந்து, திரும்பிவரக் கப்பலுக்கு நாள் நெருங்கியதும் நான் பகவதியைப் பார்க்கக் குழித்துறைக்குப் போனேன். மறுவீட்டுக்கு அவர்கள் வந்தபோது வேலாயுதன் வரவில்லை. பகவதியும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. வள்ளி கேட்டதற்கு, "ஆங், இருக்கேன்" என்றாளாம். அந்தப் பதில் எனக்கு உறக்கத்தைக் கெடுத்தது. வள்ளி கட்டிக்கொடுத்த முந்திரிக்கொத்துப் பலகாரப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இருந்தேன். ஆற்றுப்பாலம் வந்ததும் இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட இருந்தது. வேலாயுதன் வாசலில் நிறுத்திவைத்து ஏதாவது கேட்டால் நான் என்ன சொல்லுவேன்?

வீட்டுக்கு முன்னால் வந்ததும் என் கால் நின்றுவிட்டது. உள்ளே பெண்குரல் ஒன்று கத்திக்கொண்டிருந்தது. பகவதியின் குரல். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. அதற்குமேல் வேலாயுதனின் குரல்.

"நிர்த்து! நீ ஒண்ணும் பறயண்டாம்!"

"நான் எதுக்கு நிறுத்தணும்? உள்ளதத்தான் சொல்லுதேன்!"

பொதி என் கையில் நசுங்கியது. பயந்தது நடந்துவிட்டது என்று நினைத்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

நடுமுறியான கூடத்தில் ஒரு பாட்டுப் பெட்டி. அதன் ஒரு பக்கம் வேலாயுதன், சட்டை இல்லாமல், துண்டை உதறிக்கொண்டு. மறுபக்கம் கையில் கரண்டியோடு பகவதி. இடையில் மாதவன் தரையில் உட்கார்ந்து ஊசி மாற்றிக்கொண்டிருந்தான்.

"ரெண்டாவது அடியில அந்த அம்மா மூச்சு வாங்குகது கேக்குதுல்லா மாமா?" பகவதி கரண்டியை நீட்டினாள். "எங்க பிளேட்டுல அது இருக்கா? சுத்தமா இருக்கும்."

"மூச்சு வாங்குகதுதான்டீ பாட்டு! மூச்சு விடாம பாடுகதுக்கு அவ என்ன மெஷினா?"

"ஊசி தீரப்போவுது. ரெண்டு பேரும் ஒண்ணு நிறுத்துங்கோ" என்றான் மாதவன். அப்போதுதான் அவன் என்னைப் பார்த்தான். எழுந்து வந்து பொதியை வாங்கிக்கொண்டான். என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டிருக்கவேண்டும். தணிந்த குரலில் சொன்னான்: "கொஞ்ச நாளு மாமா வீட்டுல ஆருகிட்டயும் மிண்டல்ல. ஒரு வார்த்த பேசல்ல. பிறவு ஒருநாளு இவ அங்கயிருந்து கொண்டுவந்த அந்தத் தமிழு பிளேட்ட எடுத்து வச்சா. மாமாக்குப் பொறுக்குமா? எந்திரிச்சு வந்து சண்ட பிடிச்சாரு. அண்ணைக்குத் தொடங்கினதாக்கும். இன்னும் தீரல்ல."

வேலாயுதன் என்னைக் கண்டு துண்டை உதறுவதை நிறுத்தினார். நான் கையைக் கூப்பினேன். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"சம்பந்தி, இரியும். நல்ல நேரத்துல வந்தேரு. ரெண்டயும் கேட்டுட்டு நீரு ஒண்ணு சொல்லும். எது மேலு?"

பகவதியும் என்னைப் பார்த்தாள். என் பக்கம்தான் சொல்லுவாய் என்கிற பார்வை.

யோசித்துப் பார்த்தால் இரண்டு தட்டையும் நான் ஒருநாளும் ஒழுங்காகக் கேட்டதில்லை. கேட்கும்போதெல்லாம் வேறு பயம் இருந்தது. "வையுங்கோ" என்றேன். பாயில் உட்கார்ந்தேன். மாதவன் சாவி கொடுத்தான். தமிழ்த் தட்டு முடிந்ததும் மலையாளத் தட்டு. இரண்டாவது அடியில் அந்த அம்மாள் மூச்சு வாங்குவது எனக்கும் கேட்டது. யாரோ கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்து வந்து, குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பாடுவதுபோல இருந்தது.

எனக்கு வேர்த்தது. ஆனாலும் சொன்னேன்.

"மலையாளம்தான்."

"அப்பா!" என்று பகவதி கூவினாள். அக்கம்பக்கம் கேட்டிருக்கும். "ஒங்களுக்குப் பாட்டப் பத்தி என்ன தெரியும்? பினாங்குல சட்டி கழுவத்தான் தெரியும்!"

வேலாயுதன் தொடையில் தட்டிச் சிரித்தார். பகவதி கரண்டியை ஆட்டிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். பாத்திரங்கள் அங்கே பலமாகப் பேசின.

மத்தியானம் எங்கள் மூன்று பேருக்கும் சேர்ந்தாற்போல் இலை போட்டாள். சோறு விளம்பினாள், பருப்பு விளம்பினாள். மாதவன் இலையில் பப்படம் வைத்தாள். வேலாயுதனுக்கும் வைத்தாள். என் இலையைத் தாண்டிப் போய்விட்டாள். "மக்கா, எனக்குப் பப்படம்?" என்று கேட்டேன்.

"மலையாளப் பிளேட்டுக்காரருகிட்ட வாங்கிக்கிடுங்கோ" என்றாள் பகவதி.